உழைப்பவரின் கண்டுபிடிப்பு: முதலாளியிடம் ஒப்படைக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. அங்கே ஒரு சகோதரர் ஃபிட்டராக வேலை பார்க்கிறார். இயந்திரம் நின்றால் ஓட வைப்பதுதான் அவருடைய வேலை. நெல்லில் உமி நீக்கும்போது குருணை அதிகம் விழுவதைப் பல வருடமாகப் பார்க்கிறார். இரவில் வீட்டில் உட்கார்ந்து, சொந்தப் பணத்தில் தகடு வாங்கி, நெல் சீராக விழும்படி ஓர் அமைப்பைச் செய்கிறார். குருணை குறைகிறது. முதலாளிக்குச் சந்தோஷம். "தம்பி, இதை நம்ம மில்லுல மாட்டிருவோமா? உனக்கு என்ன செய்யணுமோ நான் பாத்துச் செய்றேன்" என்கிறார். "சரிங்க முதலாளி" என்கிறார் இவர். இருவரும் ஒரே பள்ளிவாசலில், ஒரே ஸஃப்பில் தொழுகிறவர்கள். இடையில் காகிதம் எதுவும் இல்லை.

மூன்று வருடம் போகிறது. முதலாளி வேறு ஊரில் இரண்டாவது ஆலை திறக்கிறார். அங்கேயும் அதே அமைப்பு. பக்கத்து ஆலைக்காரருக்கும் ஒன்று செய்து விற்கிறார். ஃபிட்டர் கேட்கிறார், "எனக்கு?" முதலாளி சொல்கிறார், "சம்பளம் வாங்குறியே!" அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார், மற்றவர் கடைசி ஸஃப்புக்குப் போய்விடுகிறார். அதற்கடுத்த வாரம் வேறு பள்ளிக்கே போய்விடுகிறார்.

இது உதாரணத்துக்காகச் சொன்னது. ஆனால் இது நடக்கக்கூடியது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த உதாரணத்தில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு குறை என்னென்ன செய்யும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பாடம்.

அறிவுக்கும் விலை உண்டா?

"கண்ணால் பார்க்க முடியாத ஒரு யோசனை எப்படிச் சொத்தாகும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் பத்தமடையைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைக்கு விலை கொஞ்சம்தான். அதை ஆற்றுநீரில் ஊறவைத்து, நூல் போல மெல்லியதாகக் கீறி, பட்டுப்போல நெய்கிற நம் சமுதாயத்துக் கைகள்தான் அதைப் பெரும் விலைக்குக் கொண்டுபோகின்றன. அதனால்தான் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் பாதுகாத்தது கோரைப் புல்லை அல்ல. அந்த ஊரின் கைத்திறனுக்குக் கிடைத்த பெயரைத்தான்.

மார்க்க அறிஞர்களும் இதைத் தெளிவாக்கி விட்டார்கள். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் 5ஆவது அமர்வில், எழுத்துரிமை, வணிகப் பெயர், கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றின் உரிமையாளருக்குச் சொந்தமான, பொருள் மதிப்புள்ள உரிமைகள் என்று தீர்மானித்தது. அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் சொன்னது. ஆக, அடுத்தவரின் கண்டுபிடிப்பை அனுமதியின்றிப் பயன்படுத்துவது அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறிப்பதைப் போன்றதுதான்.

இதிலிருந்து நாம் அதிகம் யோசிக்காத ஒன்று கிளைக்கிறது. பொருள் மதிப்புள்ள உரிமை என்றால் அது வாரிசுகளுக்கும் போகும். இன்று நீங்கள் எழுதாமல் விட்டது, நாளை உங்கள் மனைவியும் பிள்ளைகளும் கேட்க முடியாமல் போகும் பங்கு.

யாருடைய கண்டுபிடிப்பு?

எழுதுவதற்கு முன் நேர்மையாக ஒரு கேள்வி கேட்கவேண்டும். இது உண்மையிலேயே யாருடையது? ஊழியரும் தம் மனசாட்சியிடம் இதைக் கேட்கவேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒருவரை ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். அந்த மனிதர் தன் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டுக் கண்டித்தார்கள் (நூல்: புகாரீ, முஸ்லிம்). கண்டுபிடித்த சகோதரரே, இந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். இந்த வேலையும், முதலாளியின் இயந்திரமும், அவர் தந்த நேரமும் இல்லாமல் இது எனக்கு வந்திருக்குமா?

பதிலைப் பொறுத்து மூன்று நிலைகள் வரும்.

முதல் நிலை: கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களிலும், கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் இருப்பவர்கள் புதியதைச் செய்வதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள். அங்கே உருவாவது பொதுவாக நிறுவனத்துக்கே உரியது. அதைத் தனியே எடுத்துப்போய் விற்பது அமானத்தில் செய்யும் மோசடி. ஆனாலும் கண்டுபிடித்தவரின் பெயர் அவருக்கே உரியது. கண்டுபிடித்தவர் என்று காப்புரிமையில் பெயர் குறிப்பிடப்படுவதற்கு நம் காப்புரிமைச் சட்டம் 1970இன் 28ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. பெயர் போடுவதால் சொத்தில் பங்கு வந்துவிடாது. ஆனால் பெயரை மறைப்பது நியாயமும் இல்லை.

இரண்டாம் நிலை: கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. ஆனால் முதலாளியின் நேரம், பொருள், பட்டறை கலந்திருக்கிறது. இருவருக்கும் இதில் உரிமை பேச இடமுண்டு. இங்குதான் சண்டை அதிகம்.

மூன்றாம் நிலை: வேலைக்குத் தொடர்பில்லை, உங்கள் நேரம், உங்கள் பணம். அது உங்களுடையது. முதலாளிக்கு வேண்டுமானால் உங்களிடம் அனுமதி பெறவேண்டும்.

வீட்டில் செய்தேன் என்பது மட்டும் போதுமா? போதாது. இயான் ஷாங்க்ஸ் என்ற விஞ்ஞானி 1982இல் யூனிலீவர் நிறுவனத்தில் வேலை பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கும் ஒரு கருவியின் முதல் மாதிரியை, மகளின் பொம்மை நுண்ணோக்கிப் பெட்டியில் இருந்த கண்ணாடித் துண்டுகளை வைத்து வீட்டில்தான் செய்தார். ஆனால் அதற்கான ஆராய்ச்சிதான் அவருடைய வேலை. எனவே காப்புரிமை நிறுவனத்துக்கே போனது. ஆகவே எங்கே செய்தோம் என்பதைவிட, எதற்காக நியமிக்கப்பட்டோம் என்பதே பெரிய கேள்வி.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. கர்தா கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் தம் பெயரில் எடுத்த காப்புரிமைகள் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு பங்குதாரர் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றார். 2014இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நம் நாட்டில் காகிதம்தான் பேசும்

ஷாங்க்ஸின் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கண்டுபிடிப்பால் நிறுவனத்துக்குப் பெரும் வருமானம் வந்தது. தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று 2006இல் அவர் கேட்டார். 2019இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவருக்கு 20 இலட்சம் பவுண்டு தரச் சொன்னது. பதின்மூன்று வருடம் ஆனது.

நம் பள்ளிவாசலில் எரிகிற எல்.இ.டி. விளக்கைப் பாருங்கள். அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அடிப்படை நீல எல்.இ.டி. ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியின் ஊழியர் ஷூஜி நாகமுரா அதில் பெரும் பங்காற்றினார். அவருக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. 2005 ஜனவரியில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. அவரே 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உலகமே பயன்பெறும் ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவந்தவரும் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

இதில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ஊழியரின் கண்டுபிடிப்புக்குத் தனியாக ஈடு தரவேண்டும் என்று பிரிட்டனின் சட்டத்திலும் ஜப்பானின் சட்டத்திலும் இடம் இருந்தது. அதனால் பிறகு போய்க் கேட்க முடிந்தது. நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியருக்கென்று அப்படி ஒரு பிரிவு இல்லை. இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் முதலில் பார்க்கப்படும். வேலையில் சேரும்போது வாசிக்காமல் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தில்கூட இதைப்பற்றி ஒரு வரி இருக்கலாம். இன்றே அதை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கங்கைகொண்டானிலோ சென்னையிலோ நீங்கள் வேலையின் பகுதியாக எழுதும் நிரல், எழுத்துரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே சொந்தம். "நான்தானே எழுதினேன்" என்று அதை எடுத்துக்கொண்டு வெளியேறாதீர்கள்.

கிரயமா, குத்தகையா?

இப்போது ஃபிட்டர் சகோதரரிடம் வருவோம். அவருடைய அமைப்பு அவருக்கே சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அதை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். நம் ஊர் விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும்.

வயலைக் கிரயம் செய்து கொடுத்தால் அது கைவிட்டுப் போய்விட்டது. குத்தகைக்கு விட்டால் வயல் உங்களுடையது, பயன்பாடு அவருடையது, காலம் முடிந்ததும் திரும்ப வரும். கண்டுபிடிப்பிலும் அப்படித்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது கிரயம். லைசென்ஸ் கொடுப்பது குத்தகை. மார்க்கம் இரண்டையும் தடுக்கவில்லை. ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும். கம்பெனியின் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க, கண்டுபிடித்தவர் உரிமையை மாற்றிக் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, இங்கே கையெழுத்துப் போடு" என்று ஒரு தாள் நீட்டப்படும். பலநேரம் அது குத்தகைச் சீட்டு அல்ல, கிரயப் பத்திரம்.

வேலையும் சம்பளமும் எப்படிப் பிரிக்கப்படவேண்டும் என்பதற்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் அழகான முன்மாதிரி இருக்கிறது. மத்யனில் அந்தப் பெரியவர் எட்டு வருட வேலை என்று நிபந்தனை பேசினார். பத்தாக முழுமை செய்தால் அது மூஸா நபியின் விருப்பம் என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்கள் அதை ஏற்று, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள் (அல்குர்ஆன் 28:27, 28). கடமை எது, கடமைக்கு மேலே எது என்பது தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பேசப்பட்டுவிட்டது. எட்டைப் பேசிவிட்டுப் பத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை. சம்பளத்துக்கு உரிய வேலையை வாங்கிக்கொண்டு, அதற்கு மேலே வந்ததையும் "சம்பளம்தான் தருகிறேனே" என்று எடுத்துக்கொள்ளும் முதலாளிகள் இந்த வசனங்களைச் சிந்திக்கவேண்டும்.

"நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால்

எழுதச் சொன்னால் நம் மக்களுக்கு வரும் முதல் கோபம் இதுதான். "என்மேல் நம்பிக்கை இல்லையா?"

சகோதரரே, அல்அத்தா இப்னு காலித் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஒன்றை வாங்கினார்கள். நபியவர்கள் அதற்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், பொருளில் குறை இல்லை என்ற உறுதி எல்லாம் அதில் இருந்தன (நூல்: திர்மிதீ, இப்னுமாஜா). அல்அமீன் என்று எதிரிகளே அழைத்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைவிடவா நாம் நம்பிக்கைக்கு உரியவர்கள்?

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியது (அல்குர்ஆன் 2:282). சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. கொடுக்கவேண்டியவரே வாசகத்தைச் சொல்லவேண்டும் என்கிறது. சாட்சிகள் வைக்கச் சொல்கிறது. கைக்குக் கை நடக்கும் உடனடி வியாபாரத்துக்கு மட்டும்தான் எழுதாமல் இருக்கச் சலுகை தருகிறது. கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அனுமதிப்பது பல வருடம் ஓடும் விஷயம். அந்தச் சலுகை இதற்குப் பொருந்தாது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஒத்துப்போகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 68ஆவது பிரிவின்படி, காப்புரிமையை மாற்றிக் கொடுப்பதும் லைசென்ஸ் கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். இருவருடைய உரிமைகளும் கடமைகளும் அந்தப் பத்திரத்தில் முழுமையாக வரவேண்டும். வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

என்னென்ன எழுதவேண்டும்?

ஒன்று, எந்தப் பொருள், யாருக்குச் சொந்தம். படத்தோடு எழுதுங்கள்.

இரண்டு, எங்கே பயன்படுத்தலாம். இந்த ஒரு ஆலையில் மட்டுமா? புதிதாகத் திறக்கும் ஆலையிலும் உண்டா? வெளியாருக்குச் செய்து விற்கலாமா?

மூன்று, இவருக்கு மட்டும்தானா, வேறு ஆலைகளுக்கும் நீங்கள் கொடுக்கலாமா.

நான்கு, எத்தனை வருடம். காப்புரிமையே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான்.

ஐந்து, பணம். கட்டுக்குத்தகை போல வருடத்துக்கு ஒரு தொகை பேசலாம். செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவு ரூபாய் என்று பேசலாம். "நல்லா ஓடுனா பாத்துத் தரேன்" என்பது பேச்சு அல்ல. மதீனாவில் சிலர் வாய்க்கால் ஓரத்தில் விளைவது எனக்கு, மற்றது உனக்கு என்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். சிலசமயம் இது விளையும், அது அழியும். ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றாகும். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் (நூல்: முஸ்லிம்). கார், பிசானம் என்று இரண்டு போகம் பார்த்த நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலாபத்தில் சதவீதம் என்று பேசுவதானால், எதில் கணக்கு, யார் கணக்குப் பார்ப்பது என்பதையும் எழுதி, உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு, வேலையை விட்டால் என்ன, மவ்த்தானால் என்ன. வாரிசுகளின் உரிமையைத் தனி வரியாக எழுதுங்கள்.

ஏழு, இரண்டு சாட்சிகள். ஜமாஅத்தில் இரண்டு நல்ல மனிதர்கள் கிடைக்காமலா போவார்கள்?

இன்னொரு எச்சரிக்கை. விண்ணப்பிக்கும் முன் ஊரெல்லாம் காட்டிவிட்டால் அது புதியது என்ற தகுதி போய்விடக்கூடும். முழுதாக முடியாவிட்டாலும் தற்காலிக விவரத்தோடு சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தனிநபருக்குக் கட்டணத்திலும் சலுகை உண்டு.

முதலாளிமார்களே!

கடைசியாக உங்களிடம். மூன்று வகை மனிதர்களுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்கிறான். அதில் ஒருவர், கூலிக்கு ஆள் வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர் (நூல்: புகாரீ). எந்த வக்கீலை வைத்து அந்த வழக்கை நடத்துவீர்கள்?

குகையில் அடைபட்ட மூன்று பேரின் செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் ஒருவர் முதலாளி. ஒரு தொழிலாளி தன் கூலியை வாங்காமல் போய்விட்டார். ஓர் அறிவிப்பில் அந்தக் கூலி ஒரு அளவு அரிசி என்று வருகிறது. முதலாளி அதை விதைத்துப் பெருக்கினார். மாடுகளும் மேய்ப்பவரும் ஆனது. பல காலம் கழித்துத் தொழிலாளி வந்து கூலியைக் கேட்டபோது, "இவை எல்லாம் உன்னுடையவை" என்று ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். கேலி செய்கிறார் என்று தொழிலாளி நினைத்தார். அந்த அமலை முன்வைத்து அவர் துஆ செய்தபோது பாறை நகர்ந்தது (நூல்: புகாரீ). அந்த அளவு அரிசியை மட்டும் கொடுத்திருந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. அது நீதி. பெருகியதையும் சேர்த்துக் கொடுத்தார். அது இஹ்ஸான்.

உங்கள் ஆலையிலும், பட்டறையிலும், கம்பெனியிலும் இன்னொருவரின் மூளையில் விளைந்த ஒரு அளவு அரிசி பெருகிக்கொண்டிருக்கலாம். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே கூப்பிட்டு, "தம்பி, உட்காரு, எழுதிருவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய உரிமையும் காக்கப்படும், உங்கள் மறுமையும் காக்கப்படும். அடுத்த ஜுமுஆவில் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே ஸஃப்பில் நிற்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! அடுத்தவர் உழைப்பும் அறிவும் எங்கள் கையில் அமானத் என்ற உணர்வைத் தருவாயாக! உழைப்பவருக்கு அவர் உரிமையையும், கொடுப்பவருக்கு அவர் பரக்கத்தையும் குறைவின்றித் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.